லிஃப்டில் உடைந்த ஸ்கேல்

1. கரண்ட் போனது.
2. எங்கள் தி.நகர் குடியிருப்பின் லிஃப்ட், இரண்டாம் மாடிக்கு ஓரடி கீழே நின்றுவிட்டது.
3. உள்ளே நான் மட்டும். வயது ஏழு.
4. என் புது ஸ்கேல் உடைந்தது.

அன்று நான் அதிகம் அழுதது நான்காவதற்காகத்தான்.

பழைய லிஃப்ட் அது. உள்ளே ஒரு கம்பிக் கதவு, மாடியில் இன்னொன்று. என் சத்தம் கேட்டு முதலில் வந்தவர் தெருமுனையில் துணி தேய்க்கும் அக்கா. துணி மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, முகம் எனக்கு நேராக வரும்படி தரையில் உட்கார்ந்தார்.

"அழுவாத பாப்பா. நான் எங்கயும் போவல, இங்கயேதான் குந்திக்கினு கீறேன்."

கம்பிகளுக்கிடையே கையை நீட்டினேன். அக்கா அதைப் பிடிக்கவில்லை. "கைய உள்ள வை!" என்று அதட்டினார். ஸ்கேலையாவது பிடிக்கட்டும் என்று அதை இரண்டு கதவுகள் வழியாகவும் நீட்டினேன். அதையும் தொடவில்லை.

"அத வுட்டுட்டு ரெண்டு கையையும் தட்டு. நான் எத்தினி தட்றேனோ அத்தினி. தப்பா தட்டுனா நீ அவுட்டு."

ஸ்கேலைக் கம்பியில் செருகியபடியே விட்டுவிட்டுத் தட்டினேன். நடுவில் இரண்டு முறை அக்காவின் கை கம்பிவரை வந்து திரும்பிப் போனது. ஆட்டத்தில் தப்பு செய்கிறார் என்று நினைத்து, "நீங்கதான் அவுட்டு" என்றேன்.

அப்போது மாமா ஓடி வந்தார். அம்மாவின் தம்பி, இன்ஜினியர். "கையக் குடு செல்லம், மாமா வந்துட்டேன்ல" என்று கம்பிக்குள் நுழைத்த கையை அக்கா தட்டிவிட்டார்.

"கைய எடு சார்! கரண்டு வந்தா லிப்டு ஓடும். கீழ போயி மெயின ஆப் பண்ணு மொதல்ல."

"எனக்கே சொல்லித் தர்றியாம்மா?"

"பாப்பா வெளிய வரட்டும், அப்பால என்னைத் திட்டிக்க சார். இப்ப ஓடு."

மாமா ஓடினார். அவர் முதல் மாடியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், கரண்ட் வந்துவிட்டது. லிஃப்ட் குலுங்கி மேலேறியது. செருகியிருந்த ஸ்கேல் படாரென்று இரண்டானது.

வீட்டில் மாமாவுக்குக் காபி கிடைத்தது. நான் அம்மாவிடம் புகார் சொன்னேன்: ஸ்கேல் போச்சு, அந்த அக்கா கடைசிவரை கையே கொடுக்கவில்லை. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

இப்போதைய நிலவரம் இது. லிஃப்டை மாற்றிவிட்டார்கள். அக்கா அதே முனையில் தேய்க்கிறார். தரமணி அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய எனக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன.