வேனுக்கு அடியில் போன ஜெக்

சாமான் எதுவும் வெளியே தெரியாத கராஜ் வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. தரையைத் தோண்டி, பலகை மூடி போட்டு, கருவிகளையெல்லாம் அந்தக் குழிக்குள் இறக்கினார். "பலாபத்வல ஊர்லயே யார் வீட்லயும் இப்படி இல்ல" என்று அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மகளின் ஓ.எல். கணிதப் பரீட்சையன்று காலை பார்த்தால், வேனின் முன் டயரில் காற்றே இல்லை.

"சீக்கிரம் ஜெக்க எடுங்க, வேனத் தூக்கி டயர மாத்துவோம்" என்றேன். மனிதர் அசையவில்லை.

"அது குழிக்குள்ள இருக்கு."

"அதுக்கென்ன? எடுங்க."

"வேன் அதுக்கு மேல நிக்குது."

அந்த டயரே மூடியின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மகள் அழத் தொடங்கிவிட்டாள். வீதிக்கு ஓடி, ஒரு த்ரீவீலை மறித்து அவளைக் கூட்டிப் போனேன். அவள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

திரும்பி வந்தால், இவர் குப்புறப் படுத்து விளக்குமாற்றுக் கம்பால் மூடியை நெம்பிக்கொண்டிருக்கிறார்!

இப்போது குழிக்குள் வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும் சாமான்கள் மட்டும்தான். ஜெக்கை வீட்டுக்குள்ளேயே, எங்கள் கல்யாணப் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் அதென்ன என்று கேட்டால், அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கிறேன்.