பூட்டுக்கு எண்ணெய் போடும் திருடன்

படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் பிரேம் கடை அக்கா அடித்த ஆணியைப் பிடுங்க வேண்டுமானால் சுவரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு புயலில் எங்கள் தெருவில் வீடு ஒன்று பறந்தே போயிற்று. அவள் மாட்டிய கல்யாணப் படம் மட்டும் அந்தரத்தில் அப்படியே தொங்கியது. நம்பாதவர்கள் அவளையே கேட்கலாம். பதில் வராது, வாயில் எப்போதும் ஆணி இருக்கும்.

அந்த வாய் ஒரே ஒரு தடவை அளவு மீறிப் பேசியதுதான் வினையாயிற்று. கடையை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னபோது, "போறதுன்னா நீ போ" என்றாள். போய்விட்டான். கடைக்கென்று அவன் செய்து வைத்திருந்த இணையதளமும், வாடிக்கையாளர்கள் படம் அனுப்பும் மின்னஞ்சலும்தான் மிச்சம். அவன் பழைய எண் உபயோகத்தில் இல்லை. வருஷங்கள் போயின.

திடீரென்று ஒரு நாள், கடையின் பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் 'இது பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தாள்.

"சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சுக்கா. இது நிஜமாவே உங்க பக்கம்தான், எவனோ போட்ட போலி இல்லன்னு சொல்றது அதுதான். அனுப்புற படத்தை நடுவுல யாரும் பார்க்காம இருக்கவும் அது வேணும்."

"இத்தனை வருஷமா இங்கயே உக்காந்திருக்கேன். நான்தான்னு சொல்ல ஒரு சான்றிதழா?"

"ஆமா. அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். போன வருஷம் வரைக்கும் புதுப்பிச்சிருக்கு. நீங்களா பண்ணீங்க?"

அக்கா வாயிலிருந்த ஆணியை எடுத்தாள்.

அவர் மின்னஞ்சலைக் கிளறினார். ஒவ்வொரு வருஷமும் கடல் தாண்டிய ஏதோ ஒரு துறைமுக ஊரிலிருந்து யாரோ உள்ளே நுழைந்து, 'புதுப்பிக்கவும்' என்று வந்த அறிவிப்பைத் திறந்து, வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வருஷம் யாரும் வரவில்லை.

"பாஸ்வேர்ட் எவன்கிட்டயோ மாட்டியிருக்கு. திருடன்க்கா."

"பூட்டுக்கு எண்ணெய் போட்டுட்டுப் போற திருடனை எங்கயாவது பார்த்திருக்கியாப்பா?"

அவர் பார்த்ததில்லை.

இத்தனை நாளும் தம்பிதான் வந்துகொண்டிருந்தான் என்று தெரிந்த அதே நிமிஷத்தில், இப்போது வரவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. உடம்புக்கு என்னவோ, மனசு விட்டுப்போயிற்றோ.

சான்றிதழ் இனித் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்துவிட்டு, அவர் பாஸ்வேர்டை மாற்றப் போனார்.

"அது வேண்டாம்."

"மாத்தலன்னா ஆபத்துக்கா."

"மாத்திட்டா அவன் வந்து நிப்பான், கதவு தொறக்காது."

"அப்ப ரெண்டாவது பூட்டாவது போடறேன். புதுசா யார் நுழைஞ்சாலும் 'நீங்கள்தானா'ன்னு உங்க போன் கேட்கும். நீங்க இல்லன்னா 'இல்லை'ய அழுத்துங்க. தப்பித்தவறிக்கூட 'ஆம்' அழுத்திடாதீங்க."

"சரிப்பா" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அதுவரை போனைக் கடன்காரனைப்போல் பார்த்தவள், குளிக்கப் போனால்கூட அதைக் கூட்டிக்கொண்டு போனாள். விளம்பரச் செய்தி வந்தாலே கையிலிருந்த கண்ணாடி கோணலாக வெட்டுப்பட்டது. கோணல் கண்ணாடிகளின் அடுக்கு கூரையை இடித்து வெளியே எட்டிப் பார்த்ததை நானே கண்டேன்.

ஒரு மத்தியானம் போன் கேட்டது: 'நுழைவது நீங்கள்தானா?' இன்னும் தூரத்து ஊர் ஒன்று. 'ஆம்' என்று அழுத்தினாள். சின்னப் பிள்ளைகளிடம்கூடப் பொய் சொல்லாதவள், இயந்திரத்திடம் கூசாமல் சொன்னாள்.

முன்பெல்லாம் பூனைபோல் வந்து போனவனை அன்று அந்த இரண்டாவது பூட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது. யாரோ திறந்துவிட்டார்கள். யாரென்று அவனுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் உள்ளே வந்தவன் சான்றிதழ் புதிதாக இருப்பதைப் பார்த்திருப்பான். அது தன்னையே புதுப்பித்துக்கொள்ளும் என்பதும் தெரிந்திருக்கும். இனி அவனுக்கு இங்கே என்ன வேலை? கம்ப்யூட்டர்காரரின் கெட்டிக்காரத்தனத்தை அக்கா மனதாரத் திட்டினாள்.

சில நாள் கழித்துப் போன் மறுபடியும் கேட்டது. அதே ஊர். புதுப்பிக்க ஒன்றுமில்லை, சரிசெய்ய ஒன்றுமில்லை.

"என்னடா, வேலையில்லாம வர்றே" என்று சொல்லிக்கொண்டே 'ஆம்' அழுத்தினாள்.

அன்று முதல் ஆணிகளை மேஜைமேல் ஒரு கிண்ணத்தில்தான் போட்டு வைக்கிறாள். வாய் காலியாக இருக்கட்டும், எந்நேரமும் பேச வேண்டி வரலாம் என்கிறாள்.