வடக்கு மறுகால், தெற்கு மறுகால்

ரெக்கார்டு ரூமில் கிடந்த அந்த நீள நோட்டின் பாதி அட்டையைக் கரையான் தின்றிருந்தது. தூசியில் நான் தும்மிக்கொண்டே நிற்க, எங்கள் ஹெட் கிளார்க் அதை மடியில் வைத்து, புதையல் கிடைத்தவர் மாதிரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கள் ஊர்க் குளத்தில் எந்தெந்த வருடம், எந்த மாதம் மறுகால் பாய்ந்தது என்று யாரோ ஒரு பழைய ஊழியர் மணிமணியாக எழுதிவைத்த நோட்டு. இது நடந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். நகராட்சி ஆண்டுவிழா மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை ஹெட் கிளார்க் தலையில் விழுந்திருந்தது. டைப் அடிக்கும் வேலை என் தலையில்.

எங்கள் ஊருக்கு வரலாறு என்றால் குளம்தான். தாமிரபரணிக் கால்வாய் வந்து நிரப்பும் பெரிய குளம்; அதன் கரையை ஒட்டித்தான் தெருக்கள், கோயில், பள்ளிவாசல், சந்தை எல்லாம். குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்தான் மறுகால். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. அந்தக் காலத்து ஆட்கள் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேறுக்கும் தேதி சொல்ல மாட்டார்கள். 'மறுகால் பாஞ்ச வருசம்' என்பார்கள், 'அதுக்கு மறு வருசம்' என்பார்கள், கணக்கு முடிந்தது. இதில் வடக்குத்தெருக்காரர்களுக்கு வடக்கு மறுகால் மட்டும்தான் மறுகால். அது மேடு, பெருமழைக்குத்தான் பாயும். தெற்கே பள்ளம், சுமாரான மழைக்கே பாய்ந்துவிடும். தெற்குத்தெருக்காரர்கள் அதைப் பார்த்து வருடம் சொன்னார்கள். ஒரு தெருத் தண்ணீரை இன்னொரு தெரு மதிக்காது. அப்படி என்ன வீம்போ! இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் பிள்ளை பிறந்த நிமிடம்வரை இருக்கிறது. மறுகால் எப்போது பாய்ந்தது என்று யாரைக் கேட்டாலும் தெரிவதில்லை.

ஹெட் கிளார்க் வடக்குத்தெருக்காரர். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவருக்கு ஒரு பக்கத்தில் முகம் வெளிறிவிட்டது.

"ஏம்மா, நம்ம அண்ணாச்சி எந்தத் தெரு?"

அண்ணாச்சி என்றால் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான்: தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர். "தெக்குத்தெரு சார்" என்றேன். ஹெட் கிளார்க் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

முப்பது வருடத்துக்கு முன் அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்தபோது பிறப்புச் சான்று கிடையாது. அவருடைய அம்மாவைக் கூட்டிவந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். 'மறுகால் பாஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் வலி எடுத்துச்சு, காத்திகை மாசம்' என்று அந்த அம்மா சொல்ல, அப்போது இளம் கிளார்க்காக இருந்த எங்கள் ஹெட் கிளார்க், வடக்கு மறுகால் பாய்ந்த வருடத்தை எழுதிவிட்டார். நோட்டிலோ, அந்த வருடம் மறுகால் பாய்ந்தது ஐப்பசியோடு முடிந்திருந்தது. நாலு வருடம் கழித்துத்தான் கார்த்திகையில், தெற்கே மட்டும், பாய்ந்திருக்கிறது.

"அவ்வளவு வயசு இருக்காதே ஐயான்னு அந்தம்மா சொல்லத்தாம்மா செஞ்சா. 'ஒனக்கு என்ன தெரியும், பேசாம இரி'ன்னு வெரட்டிட்டேன்."

அண்ணாச்சிக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. உத்தரவை நானே டைப் அடித்திருந்தேன். அவருடைய கடைசி மகள் பாலிடெக்னிக்கில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விட்டுருங்க சார். ஒங்களுக்கும் இன்னும் ஆறு மாசம்தான். வம்ப வெல குடுத்து வாங்காதீங்க." இதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் கையால் எழுதிய இரண்டு பக்கங்களை என் மேஜையில் வைத்தார். தவறு முழுவதும் தன்னுடையது, அண்ணாச்சியின் வயதைத் திருத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம். அதை அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

இத்தனை வருடம் கழித்துப் பிறந்த தேதியைத் திருத்த விதி இல்லை என்று பதில் வந்தது. கூடவே, கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோ. மாதக் கடைசியில் அண்ணாச்சிக்கு மாலை போட்டு, துண்டு போர்த்தி அனுப்பிவைத்தோம்.

மலர் அச்சாகி வந்தது. ஊர் வரலாற்றின் நடுவே நாலு வரி இருந்தது: 'இவ்வூரில் மறுகாலை வைத்து வருடம் சொல்பவரிடம், அவர் எந்தத் தெரு என்று முதலில் கேட்க வேண்டும். தெற்குத்தெருத் தாய் ஒருவர் தன் மகன் பிறந்த வருடத்தைச் சரியாகவே சொன்னார். கேட்டு எழுதிய நான் தவறாக எழுதினேன்.'

பென்சன் தாளில் கையெழுத்துப் போட வந்த அண்ணாச்சிக்கு, ஹெட் கிளார்க் எழுந்து நின்று அதை வாசித்துக் காட்டினார். அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட பேனாவை மூடி வைத்தார்.

"நாலு வருசம் சார். எம்மவ படிச்சு முடிச்சிருப்பா."

"தெரியும் அண்ணாச்சி."

"எங்கம்மா சொன்னது சரின்னு அதுல போட்டுருக்கியளா?"

"போட்டுருக்கேன்."

"அவ போயி எட்டு வருசமாச்சு. பெத்த வருசத்தக்கூட சரியாச் சொல்லத் தெரியலியேன்னு கடைசிவரைக்கும் மருகிட்டுக் கெடந்தா."

ஹெட் கிளார்க் நீட்டிய மலரை வாங்கிக்கொள்ளாமலே அண்ணாச்சி படியிறங்கிப் போனார்.