அமுதத்தின் பதினோரு கேள்விகள்

குரும்பகரத்து அம்பலவாணனைக் கண்டால் நெற்பயிரே எழுந்து நின்று வணக்கம் வைக்கும் என்பது ஊர்ப்பேச்சு. கணவன் இறந்தபின் தனியாகப் பயிர் வைத்த அமுதத்துக்கோ, கடலுப்பு ஏறிய வயலில் இரண்டு தடவை நட்ட பயிரும் கருகிப்போனது. மூன்றாவது நடவுக்குத்தான் நாற்று மிச்சம். நோட்டில் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டு அவரிடம் போனாள்.

“உப்புத் தண்ணியில எப்படிண்ணே பொழைக்க வைக்கிறீங்க?”

“என்னைக் கேக்குறியேம்மா. வருசா வருசம் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்து, இன்னிக்கு நடலாம்னு சொன்னது உன் வீட்டுக்காரருதான்.”

“எந்த ருசிக்கு நடணும்னாரு?”

“அத நான் கேட்டுக்கல. இந்த வருசம் என் வயலும் கருகித்தான் கெடக்கு.”

அந்த நாக்குக்குப் பதினெட்டு வருடம் உப்புப் பார்த்துச் சமைத்தவள், நோட்டை மூடினாள். வழியில் வாய்க்கால் நீரை அள்ளி நாக்கில் வைத்தாள். கரித்தது. அவ்வளவுதான் தெரிந்தது.