காரமில்லாத கிண்ணம்

மலைச்சரிவில் சோளக்காட்டுக்கு மேலே இருக்கும் மிளகுத் தோட்டம் மாதனுடையது. கொடி கட்டுவது, ஏணி போட்டு ஏறிப் பறிப்பது, காயவைப்பது எல்லாம் அவன் மனைவி பரிமளா. மாதன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு மகாராஷ்டிரம் போனவன். நோம்பிக்கு, பண்டிகைக்கு வருவான், போவான். “உன்ற ஊட்டுக்காரன் எங்கடி?” என்று யாராவது சீண்டினால், “வருவாரு” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்.

இந்த முறை வந்தவன், இனிப் போகமாட்டேன் என்றான். பஸ் நிற்கும் இடத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு கடை போடுவதாகத் திட்டம். பேர்கூட முடிவு செய்துவிட்டான்: யுவராஜ் டிபன்.

“என்ற பேரு வெக்கமாட்டீங்களாப்பா?” என்றாள் மகள் ஜீவா. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

“அது ராசியான பேரு கண்ணு.”

முதலில் வீட்டில் செய்து பார்ப்பது என்று பேச்சு. மெக்சிகோ மாக்ரோனி. சாமான்களை நாமக்கல்லில் வாங்கிவந்திருந்தான். மாக்ரோனியை வேகவிட்டு வடித்தான். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கட்டி விழாமல் கிளறினான். சீஸைத் துருவிப் போட்டான். அது நூல் நூலாக இழுத்தது.

“லாரியில இதெல்லாமுங்களா ஆக்குவீங்க?” என்றாள் பரிமளா.

“போன்ல பாத்ததுதான்.”

“போன்ல பாத்த கையாட்டமே இல்லீங்கப்பா. தெனமும் ஆக்குன கையாட்டம் இருக்குது.” ஜீவா சிரித்தாள்.

மாக்ரோனியைச் சீஸில் புரட்டியதும், ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துத் தனியே வைத்தான். கரண்டி முனையால் அதைத் துண்டு துண்டாக வெட்டினான். ஊதினான். பிறகுதான் வதக்கி வைத்திருந்த பச்சை மிளகாய், தக்காளி, சோளம், ராஜ்மா எல்லாம் வாணலியில் விழுந்தன.

அந்த வீட்டில் யாருக்கும் தனியே எடுத்துவைத்ததில்லை. ஜீவா பல் முளைக்கும்போதே மிளகு ரசத்தில் பிசைந்த சோறு தின்றவள். மாதனுக்கு அது தெரியாது. அந்த வருடங்களில் அவன் லாரியில் இருந்தான்.

“அது யாருக்குங்க?” என்றாள் பரிமளா.

மாதன் கிண்ணத்தைப் பார்த்தான். அப்போதுதான் அதைப் பார்க்கிறவன் போல.

“காரம் ஆகாதவங்க… கடைக்கு வருவாங்கல்ல.”

“வர்றவங்களுக்கெல்லாம் ஊதியா குடுப்பீங்க?”

வாணலியில் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. ஜீவா அடுப்பை அணைத்தாள்.

பரிமளா குரலை உயர்த்தவில்லை. “யுவராஜுக்கு என்ன வயசுங்க?”

மாதன் கரண்டியைக் கீழே வைத்தான். துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“மூணு.”

ஜீவாவின் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. அதைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

“எல்லாத்தையும் உட்டுட்டு வந்துட்டேன் பரிமளா. இனிப் போகமாட்டேன்.”

காலையில் இதே சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் அவள் புதுக்கொடி நடக் குழி வெட்டிவிட்டு வந்திருந்தாள். நகத்தில் இன்னும் மண் இருந்தது.

“அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லிட்டு இருந்தீங்களா?”

மாதன் துணியை மடித்து மேடைமேல் வைத்தான்.

அவனுடைய பை கதவோரம் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. பரிமளா கிண்ணத்தைத் தட்டால் மூடி, பையின்மேல் வைத்தாள்.

“கீழ பஸ் இருக்குது. எடுத்து வெச்சது யாருக்கோ, அவனுக்கே கொண்டுபோயிக் குடுங்க.”