மகனின் விண்ணப்பத்தில் நான் எழுதிய சொல்

போன தவக்காலத்தில் நடந்தது இது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் நானும் என் ஒரே மகனும் உட்கார்ந்திருந்தோம். கடலோரத்தில் இருக்கும் ஒரு துறவற சபையில் சேர அவனுக்கு அன்று நேர்காணல். அவன் தூங்கிக்கொண்டு வந்தான். எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவன் அவன். அந்தச் சபை நடத்திய மூன்று நாள் முகாமுக்குப் போய்வந்ததும் "சேரப்போறேன்" என்றான். நானும் மனைவியும் அழுது ஓய்ந்த பிறகு, எனக்கே தெரியாமல் ஒரு பெருமை வந்துவிட்டது. எங்கள் பங்குக் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பையன் சாமியாராகப் போறான்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவன் விளக்கினான். குருவாக அல்ல, கடைசிவரை பிரதராகவே இருக்கப் போகிறானாம். பிரதர்களும் குருக்களைப் போலவே துறவற வார்த்தைப்பாடு எடுப்பார்கள், ஆனால் பூசை வைக்க மாட்டார்கள்.

"அங்க மீனவப் பசங்களுக்கு போட் இன்ஜின் ரிப்பேர் கத்துக் குடுக்குறாங்கப்பா. எனக்கு அதான் வரும்."

"இன்ஜின் ரிப்பேருக்கு இன்னாத்துக்குடா துறவறம்? கம்பெனியே மேலாச்சே!" என்றாள் என் மனைவி.

நான் அலுவலக குமாஸ்தா. அவன் சொல்லச் சொல்ல விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். குருவா பிரதரா, எந்த அழைத்தல் என்று கேட்டிருந்த இடத்தை மட்டும் அப்புறம் எழுதுவதாக விட்டுவைத்தேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பியதும், அந்த இடத்தில் 'குருத்துவம்' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். உள்ளே போனால் தானாக மனம் மாறிவிடுவான் என்று நினைத்தேன்.

நேர்காணலில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். பொறுப்பிலிருந்த ஃபாதர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"பிரதரா சேரணும்னுதானே தம்பி முகாம்ல சொன்ன? இதுல குருத்துவம்னு இருக்கே?"

மகன் எட்டிப் பார்த்தான். என் எழுத்து அவனுக்குத் தெரியாதா? என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரியா படிக்காம கையெழுத்து போட்டுட்டேன் ஃபாதர். தப்புதான்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது வாழ்க்கை பூரா இருக்கப்போறது. இதையே படிக்காம போட்டேன்னா எப்புடி? இன்னும் ஒரு வருஷம் வீட்ல இருந்து யோசி. அப்புறம் வா."

மகனின் முகம் வெளிறிவிட்டது. இன்னும் ஒரு வருடம் வீட்டோடு இருப்பான் என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உணர்ந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தான் ஃபாதர் எழுதினேன். அவனுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மகனிடம் புது விண்ணப்பத்தைக் கொடுத்து, என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார். பெற்றோர் சம்மதக் கடிதத்துக்கான தாளை என்னிடம் நீட்டி, "இன்னிக்கு எழுதாதீங்க. நிஜமா மனசு வரும்போது எழுதுங்க" என்றார். அதற்குப் பதில் நான் திட்டே வாங்கியிருக்கலாம்.

வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். சேர்த்துக்கொள்ளாவிட்டால் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம்தான் எனக்கு. வெளியே வந்தவன், "லெட்டர் போடுறாங்களாம்" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு அவனே, "அம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத. பேஜாராயிடும்" என்றான்.

"பழிய ஏன்டா நீ ஏத்துக்கின?"

"பின்ன? அவரு முன்னாடி உன்ன இன்னான்னு சொல்றது?"



சம்மதக் கடிதம் எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது போனில் நன்றாகத்தான் பேசுகிறான். மன்னித்துவிட்டானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளை மேல் பாசம் என்று நான் நினைத்திருந்தது, அவன் முகம் வெளிறியபோது நிம்மதி அடைந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.