பின்னால் வந்த வெள்ளைக் கார்

தெருவில் சாவு விழுந்தால்கூட அரைக்கதவைத் திறந்து வைத்து வியாபாரம் பார்க்கும் அப்பா, சாத்தான்குளத்தில் எங்கள் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று வாடகைக் கார் பிடித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அப்போது எனக்கு எட்டு வயது. போதாக்குறைக்கு அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அத்தையின் கழுத்தில் போட்டாள். என்னை அதைத் தொடக்கூட விட்டதில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. போகலாமா கூடாதா என்று அப்பா வாய் திறக்கவில்லை. அந்தக் கவலையில் அத்தை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

முதலில் கொற்கை. பருப்பு விலையைத் தவிர எதையும் பேசாத அப்பா, அந்தப் பழைய வன்னி மரத்தடியில் நின்று, பாண்டியனின் முத்தெல்லாம் இங்கேதான் கரையேறியது என்று விளக்கினார். நடுவில் செல்போன் அடிக்க, தள்ளிப்போய்க் குசுகுசுவென்று பேசினார். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதிலிருந்து ஒரு அம்மாளும் கண்ணாடி போட்ட மகனும் இறங்கினார்கள். அந்த அம்மாள் மரத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தாள். திருச்செந்தூர் கோவில் வாசலிலும் அதே கார் நின்றது.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவே பேசும் என்பதால், எங்கள் பக்கம் இப்படித் தற்செயலாகச் சந்தித்ததுபோல் பார்த்துக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியாது. மணப்பாட்டுக்குப் போகும் வழியில் அத்தை என் காதில் சொன்னாள்.

"ஏளா, அந்தக் காரு நம்ம பொறத்தாலயே வருது பாத்தியா? பிள்ள பிடிக்கவங்களா இருக்கும். ஒன்ன ஏதும் கேட்டா என்ன சொல்லுவ?"

அப்பா அடிப்பார் என்று சொல்வேன் என்றேன்.

"அப்பாக்கு எங்க அடிக்கத் தெரியும்? அத்தை அடிப்பான்னு சொல்லு."

மணப்பாட்டில், மணல்மேட்டுக் கோயிலடியில் அந்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு மிட்டாய் நீட்டினாள். பிள்ளை பிடிப்பவர்கள் மிட்டாய்தானே கொடுப்பார்கள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒங்க அத்தைக்குக் கோவம் வருமா பிள்ளே?"

"வரும். போன மாசம் பஸ்ல ஒருத்தன் பல்ல ஒடச்சிட்டாவ. எங்க அப்பாவே அவியளக் கண்டா நடுங்குவாவ."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அத்தை ஒட்டியிருந்த மணலை உதற, செருப்பைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக் கார் எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டது. வழியெல்லாம் அப்பா செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவே இல்லை. உடன்குடியில் அத்தை காரை நிறுத்தச் சொல்லி எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தந்தாள். குடும்பத்தையே காப்பாற்றிய கர்வத்தில் தின்று தீர்த்துவிட்டு அவள் மடியில் தூங்கினேன்.

அந்த வருடமே அத்தையைச் சென்னைக்கு ரயிலேற்றப் போனோம். அங்கேயும் பிள்ளை பிடிப்பவர்கள் வருவார்கள், கவனமாக இரு என்று அழுதுகொண்டே சொன்னேன். அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"வந்தா ஒன்னத்தாம்ளா கூப்பிடுவேன்."

அப்பாவை, அம்மாவின் சங்கிலியை, அந்த மிட்டாயைக்கூடச் சந்தேகப்பட்ட எனக்கு, வழி முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.